துல்லியம் இரு வகை

'அக்யூரேட்', 'பிரிசைஸ்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கையடக்க அகராதி ஒன்றைப் புரட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் எதிரே 'துல்லியமான', 'சரியான', 'திட்டவட்டமான' என்று ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் போட்டிருப்பார்கள். அன்றாடப் பேச்சில் ஆங்கிலேயர்களும் ஒன்றுக்குப் பதில் மற்றதைச் சொல்லிவிடுவதுண்டு. அதனால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆய்வுக்கூடத்துக்குள் காலடி வைத்ததும் இவ்விரு சொற்களும் வெவ்வேறு வழியில் பிரிந்துவிடுகின்றன. ஓர் அளவீடு பிரிசைஸ் ஆக இருந்தும் அக்யூரேட் ஆக இல்லாமல் போகலாம். இந்த வேறுபாட்டைக் கோட்டை விட்டதால் கோடிக்கணக்கான டாலர் செலவில் உருவான தொலைநோக்கி ஒன்று மங்கலான படங்களை அனுப்பியது. நோபல் பரிசு பெற்ற அறிஞர் ஒருவர் அளந்த எண் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிழையோடு புழங்கியது. இவற்றைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

முதலில் சொற்களின் பிறப்பைக் கவனிப்போம். இரண்டும் லத்தீன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவை. 'அக்யூரேட்' என்பதன் உள்ளே 'கூரா' என்ற லத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது. கவனம், அக்கறை என்பது அதன் பொருள். நோயைக் குணப்படுத்துவதைக் குறிக்கும் 'க்யூர்' என்ற சொல்லும் இதற்கு உறவுதான். ஆகவே, அக்யூரேட் என்றால் 'அக்கறையோடு செய்யப்பட்டது' என்பது மூலப் பொருள். 'பிரிசைஸ்' என்பதன் வேரோ வெட்டுதல் என்ற பொருளுடைய வினைச்சொல். சுருக்கமான என்று பொருள்படும் 'கன்சைஸ்' என்பதும் அதே வேரில் கிளைத்ததே. நீட்டி முழக்காமல், அங்குமிங்கும் தொங்கல் விடாமல், நறுக்கென்று வெட்டிச் சொல்வது பிரிசைஸ். "வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று பேசுகிறவர்" என்று நம் ஊரில் சிலரைச் சொல்கிறோம் அல்லவா? அவர் பிரிசைஸ் ஆனவர். அவர் சொல்வது உண்மையா என்பது வேறு கேள்வி!

அந்த வேறு கேள்வியில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. "சென்னையிலிருந்து மதுரை சாலை வழியாக ஏறத்தாழ 450 கிலோமீட்டர்" என்று ஒருவர் சொல்கிறார். "இல்லை, 381.62 கிலோமீட்டர்" என்று மற்றொருவர் அடித்துச் சொல்கிறார். முதலாமவர் கூற்றில் நறுக்குத் தெறித்தாற் போன்ற கறார் இல்லை. ஆனால் அது உண்மைக்கு அருகில் இருக்கிறது. இரண்டாமவர் கூற்று பத்து மீட்டர் வரை கறாராக இருக்கிறது, ஆனால் தவறு. முதலாவது அக்யூரேட், பிரிசைஸ் அல்ல. இரண்டாவது பிரிசைஸ், அக்யூரேட் அல்ல. சபையில் பெரும்பாலும் நம்பப்படுகிறவர் இரண்டாமவர்தான் என்பது வருந்தத்தக்கது. தசமப் புள்ளிக்கு மனிதர்களை மயக்கும் சக்தி உண்டு.

ஆங்கிலத்தில் எழுதும்போது இச்சொற்களை எங்கே போடுவது? மொழிபெயர்ப்பு, வரைபடம், செய்தி அறிக்கை, தட்டச்சு வேலை ஆகியவற்றை அக்யூரேட் என்பது வழக்கம். இவற்றை ஒப்பிட்டுப் பார்க்க மூலம் ஒன்று வெளியே இருக்கிறது. அதோடு ஒத்துப் போகிறதா என்பதே கேள்வி. வரையறை, கட்டளை, குறிப்பிட்ட நொடி ஆகியவற்றைப் பிரிசைஸ் என்பார்கள். இங்கே வேண்டியது குழப்பத்துக்கு இடமின்மை. "நேற்று மாலை வந்தேன், குறிப்பாகச் சொன்னால் ஆறேகால் மணிக்கு" என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் 'டு பி பிரிசைஸ்' என்பார்கள். எதிர்ச்சொற்களைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் பளிச்சிடும். உங்கள் விடைத்தாளில் ஆசிரியர் 'இன்அக்யூரேட்' என்று எழுதினால் விடை தவறு என்று பொருள். 'இம்பிரிசைஸ்' என்று எழுதினால், தவறென்று சொல்லவில்லை. தெளிவாக வரையறுத்து எழுது என்கிறார்.

பலூன் சுடும் கடை

அளவீட்டுக்கு வருவோம். திருவிழாக் கடைகளில் பலகையில் பலூன்களைக் கட்டிவைத்துக் காற்றுத் துப்பாக்கியால் சுடச் சொல்வார்கள். குறி பார்க்கும் முனை சற்றே வளைந்துபோன துப்பாக்கி ஒன்று தேர்ந்த கைக்குக் கிடைத்தது என்று வையுங்கள். ஐந்து குண்டுகளும் பலகையில் ஒரே இடத்தில், ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்குமாறு பாய்கின்றன. ஆனால் பலூனுக்கு ஒரு சாண் இடப்புறம்! அதே கடையில் நேரான துப்பாக்கி புதியவர் ஒருவர் கைக்குப் போகிறது. குண்டுகள் பலூனைச் சுற்றி மேலும் கீழும் இடமும் வலமும் சிதறுகின்றன. சராசரி பார்த்தால் பலூன்தான் நடு. முன்னவரின் குண்டுகள் தங்களுக்குள் நெருக்கம். பின்னவரின் குண்டுகளின் நடு உண்மைக்கு நெருக்கம்.

தமிழ்ப் பாடநூல்களில் முதலாவதை 'நுட்பம்' என்றும், உண்மைக்கு நெருங்கியிருப்பதைத் 'துல்லியத்தன்மை' என்றும் வழங்குகிறார்கள். 'நுட்பம்' என்ற சொல் தொழில்நுட்பம், நுட்பமான அறிவு என்று வேறு பல வேலைகளையும் பார்ப்பதால் எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. ஆயினும் நிலைத்துவிட்ட சொல்லை மாற்றுவது குழப்பத்தையே வளர்க்கும். 'தம்முள் நெருக்கம்', 'உண்மைக்கு நெருக்கம்' என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; போதும்.

இப்போது திருகு அளவியைக் கையில் எடுங்கள். அதன் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. கம்பி ஒன்றின் விட்டத்தை ஐந்து இடங்களில் அளக்கிறீர்கள். 0.47, 0.47, 0.48, 0.47, 0.47 என்று வருகிறது. பார்க்கவே அழகாக இருக்கிறது! ஆனால் கருவியின் வாய்களை வெறுமனே மூடினால் சுழியைக் காட்டுவதற்குப் பதில் 0.05 மி.மீ. காட்டுகிறது. இதுவே சுழிப் பிழை. உண்மையான விட்டம் 0.42 மி.மீ. மட்டுமே. 'ஐந்து நூறில்தானே, போகட்டும்' என்று விட்டுவிட முடியாது. இந்த விட்டத்திலிருந்து கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிட்டு மின்தடை எண்ணைக் காண்கிறீர்கள் என்றால் விட்டத்தை வர்க்கமாக்க வேண்டும். 0.47-ஐ 0.42-ஆல் வகுத்து வர்க்கமாக்கிப் பாருங்கள். விடையில் 25 விழுக்காடு பிழை! ஐந்து முறைக்குப் பதில் ஐந்நூறு முறை அளந்து சராசரி எடுத்தாலும் இந்தப் பிழை இம்மியும் குறையாது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சிதறல் என்பது தற்செயல் பிழை. ஒருமுறை கூடும், மறுமுறை குறையும். பல முறை அளந்தால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு அடங்கும். சுழிப் பிழை போன்றது ஒழுங்கான பிழை. எப்போதும் ஒரே பக்கம் தள்ளும். திரும்பத் திரும்ப அளப்பதால் சிதறலின் அளவு தெரிகிறதே தவிர, ஒழுங்கான பிழை தெரிவதில்லை. அளவீடுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றனவோ அவ்வளவுக்கு அது நன்றாக ஒளிந்துகொள்ளும்.

அப்படியானால் அதைப் பிடிப்பது எப்படி? அளக்கும் நிலையை மாற்ற வேண்டும். தனி ஊசலை எடுத்துக்கொள்வோம். ஊசலின் நீளத்தைத் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை அளக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மாணவர் நூலின் நீளத்தை மட்டும், அதாவது குண்டின் உச்சி வரை அளந்துவிடுகிறார். குண்டின் ஆரம் 1 செ.மீ. என்று கொள்வோம். சென்னையில் புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 978 செ.மீ./வி². அவர் நூலை 99 செ.மீ. நீளத்தில் வைத்துக்கொண்டு ஐந்து முறை சோதனை செய்தால் 968, 969, 968, 967, 968 என்று விடைகள் வரும். ஐந்தும் ஒத்துப் போவதால் அவருக்கு ஐயமே எழாது. ஆனால் நூலின் நீளத்தை 79 செ.மீ. ஆக்கினால் விடை 966 ஆகிறது. 59 செ.மீ. ஆக்கினால் 962. ஊசலைக் குட்டையாக்கினால் பூமியின் ஈர்ப்பு குறையுமா என்ன? குறையாது. எனவே எங்கோ பிழை இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. நீளத்தை ஓர் அச்சிலும் அலைவு நேரத்தின் வர்க்கத்தை மற்ற அச்சிலும் கொண்டு வரைபடம் வரைந்தால் இன்னும் சுவையான காட்சி கிடைக்கும். நேர்கோடுதான் வரும், ஆனால் அது ஆதிப்புள்ளி வழியே போகாது. நீள அச்சைச் சுழிக்கு 1 செ.மீ. கீழே வெட்டும். அந்த 1 செ.மீ. வேறெதுவும் அல்ல, மறந்துபோன ஆரமே! கோட்டின் சாய்வோ பிழையால் சிறிதும் பாதிக்கப்படாமல் 978-ஐயே தருகிறது. செய்முறைத் தேர்வில் வரைபடம் வரையச் சொல்வது மதிப்பெண்ணுக்காக மட்டும் அல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

மில்லிகனின் காற்று

அமெரிக்க அறிஞர் ராபர்ட் மில்லிகன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். இரண்டு உலோகத் தட்டுகளுக்கு இடையே மிக நுண்ணிய எண்ணெய்த் துளி காற்றில் விழுவதையும் மின்புலத்தால் ஏறுவதையும் நுண்ணோக்கி வழியாகப் பார்த்து நேரம் குறிப்பது அவருடைய முறை. மணிக்கணக்கில் ஒரே துளியைக் கண்ணிமைக்காமல் தொடர்ந்தார். 1913-இல் அவர் வெளியிட்ட விடையை இன்றைய அலகில் சொன்னால் 1.592 × 10⁻¹⁹ கூலும். துளிக்குத் துளி விடைகள் அபாரமாக ஒத்துப் போயின. தவறு இருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இராது என்று 1917-இல் எழுதினார். 1923-இல் நோபல் பரிசும் வந்தது.

உண்மையான மதிப்பு 1.602 × 10⁻¹⁹ கூலும். மில்லிகனின் பிழை ஆயிரத்தில் ஒன்று அல்ல, ஆறு! துளிகளைக் கவனித்ததில் குறை ஒன்றும் இல்லை. துளி விழும் வேகத்திலிருந்து அதன் அளவைக் கணக்கிடக் காற்றின் பாகுநிலை எண் தேவை. அவர் பயன்படுத்திய எண் உண்மையைவிட ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறைவாக இருந்தது. மின்னூட்டம் அந்த எண்ணின் ஒன்றரை மடிப் படியைப் பொறுத்தது. ஆதலால் விடையில் 0.6 விழுக்காடு குறைந்தது. எல்லாத் துளிகளும் அதே காற்றில்தான் விழுந்தன. எனவே எல்லா விடைகளும் ஒரே அளவு தவறி, தங்களுக்குள் ஒற்றுமையாக இருந்தன. துளிகளை எத்தனை ஆயிரம் பார்த்தாலும் இது வெளிப்பட்டிருக்காது. படிகங்களில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, எண்ணெயும் காற்றும் இல்லாத வேறொரு வழியில் சிலர் அதே மின்னூட்டத்தைக் கண்டபோதுதான் இரு விடைகளும் முட்டிக்கொண்டன. 1930களில் காற்றின் பாகுநிலையை மீண்டும் அளந்து பார்த்த பிறகு வழக்கு தீர்ந்தது. 2019 மே 20 முதல் இந்த மின்னூட்டம் 1.602176634 × 10⁻¹⁹ கூலும் என்று வரையறுக்கப்பட்டுவிட்டது. இப்போது கூலும் என்ற அலகே இதிலிருந்துதான் பிறக்கிறது.

மிகச் சரியாகத் தவறிய கண்ணாடி

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1990 ஏப்ரலில் விண்ணில் ஏவப்பட்டது. அதன் முதன்மைக் குழியாடியின் விட்டம் 2.4 மீட்டர். அதை மெருகிட்டவர்கள், பரப்பின் மேடுபள்ளம் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவே இருக்குமாறு தேய்த்திருந்தார்கள். அதற்கு முன் அத்தனை வழவழப்பான பெரிய ஆடியை யாரும் செய்ததில்லை எனலாம். ஆனால் வந்த படங்களில் விண்மீன்கள் ஒளிவட்டம் கட்டிக்கொண்டு மங்கித் தெரிந்தன. ஆராய்ந்தபோது, ஆடியின் விளிம்பு இருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ 0.002 மி.மீ. தட்டையாக இருப்பது தெரிந்தது. தலைமுடித் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு! நமக்கு அற்பம், ஒளி அலைக்கோ மலை.

காரணம் ஆடியில் இல்லை. அதைச் சோதித்த கருவியில் இருந்தது. அக்கருவிக்குள் வில்லை ஒன்று வைக்கப்பட வேண்டிய இடத்திலிருந்து 1.3 மி.மீ. தள்ளி அமைந்துவிட்டது. அதன் இடத்தைக் குறிக்க ஓர் அளவுகோலின் முனையில் ஒளிக்கற்றையைப் பட்டுத் திரும்பச் செய்தார்கள். ஒளியோ முனையில் படாமல், அதன் மூடியில் கறுப்புப் பூச்சு உதிர்ந்திருந்த ஓர் இடத்தில் பட்டுத் திரும்பியிருக்கிறது. பிறகு அந்தக் கருவி என்ன சொல்லிற்றோ அந்த வடிவத்துக்கு, இம்மி பிசகாமல், ஆடியைத் தேய்த்தார்கள்.

இதில் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது வேறொன்று. எளிமையான வேறு இரண்டு சோதனைக் கருவிகளும் அங்கே இருந்தன. அவை ஆடியில் கோளாறு இருப்பதைக் காட்டவே செய்தன. ஆனால் முக்கியக் கருவியே மிக நுட்பமானது, மற்றவை அதற்கு ஈடாகா என்று சொல்லி அச்சான்றுகளை ஒதுக்கிவிட்டார்கள். நுட்பத்தைத் துல்லியம் என்று எடுத்துக்கொண்டதன் விலை அது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆடி தவறிய அளவும்கூட மிகக் கறாராக இருந்ததால், அதற்குச் சரி எதிரான வளைவைக் கணக்கிட முடிந்தது. மூக்குக்கண்ணாடி போடுவதைப் போலத்தான். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று, அந்த எதிர் வளைவோடு செய்த புதிய ஒளிப்படக் கருவியையும், மற்றக் கருவிகளுக்கான சிறு திருத்த ஆடிகளையும் பொருத்தினார்கள். படங்கள் தெளிந்தன. ஆடியின் பரப்பு கண்டபடி மேடும் பள்ளமுமாகச் சிதறியிருந்தால் எந்தக் கண்ணாடியாலும் திருத்தியிருக்க முடியாது.

எழுதிய இலக்கமெல்லாம் நுட்பமல்ல

கணிப்பான் கைக்கு வந்த பிறகு மாணவர்களிடம் ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. சாதாரண அளவுகோலால் நீளத்தை அளந்துவிட்டு, விடையை 977.86342 என்று எழுதுகிறார்கள். கணிப்பானுக்கு அளவுகோலைப் பற்றி என்ன தெரியும்? வகுக்கச் சொன்னோம், வகுத்தது. 22-ஐ 7-ஆல் வகுத்து 3.142857142857 என்று பன்னிரண்டு தசம இலக்கங்கள் எழுதலாம். ஆனால் மூன்றாம் தசம இலக்கத்திலேயே அது பையின் மதிப்பிலிருந்து விலகிவிடுகிறது. பிறகு வருவனவெல்லாம் வெறும் அலங்காரம்.

இந்த அலங்காரம் மருத்துவத்திலும் புகுந்திருக்கிறது. உடலின் இயல்பான வெப்பநிலை 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் என்று வீட்டில் பாட்டிக்கும் தெரியும். 1868-இல் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிஷ், ஏராளமான மனிதர்களை அளந்து வெளியிட்ட எண் 37 டிகிரி செல்சியஸ். அதை ஒன்பதால் பெருக்கி ஐந்தால் வகுத்து 32-ஐக் கூட்டுங்கள், 98.6 வரும். 'ஏறத்தாழ 37' என்ற முழு எண்ணுக்கு மாற்றுக் கணக்கில் ஒரு தசமப் புள்ளி முளைத்துவிட்டது. அதைப் பார்த்து 98.9 என்றதும் காய்ச்சல் என்று பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். உடல் வெப்பம் ஆளுக்கு ஆள் மாறும். காலையில் குறைந்து மாலையில் ஏறும்.

மின்னணுத் தராசுகளும் இவ்வாறே. திரையில் 5.50 கிலோ என்று சிவப்பெழுத்தில் ஒளிர்ந்தால் ஐயப்பட மனம் வருவதில்லை. ஆனால் வெறும் தட்டிலேயே அது அரைக் கிலோ காட்டிக்கொண்டிருந்தால், அதில் கிடத்திய குழந்தையின் எடை 5 கிலோதான். எடையைப் பார்த்து மருந்தின் அளவை முடிவு செய்தால் பத்தில் ஒரு பங்கு கூடிப்போகும். திரையில் இலக்கங்களைக் கூட்டுவது எளிது, மலிவு. அந்த இலக்கங்கள் உண்மையா என்று நிலையான எடைக்கற்களை வைத்துச் சரிபார்ப்பதுதான் வேலை.

சொல் பற்றி இன்னும் ஒன்று. 1994-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 5725 என்ற உலகத் தர ஆவணம், சராசரி உண்மைக்கு நெருங்கியிருப்பதை 'ட்ரூனெஸ்' என்று தனியே பெயரிட்டு, அதுவும் நுட்பமும் சேர்ந்தால்தான் 'அக்யூரஸி' என்கிறது. அந்தக் கணக்கில் நம் புதியவரின் சிதறிய குண்டுகளுக்கு அக்யூரேட் பட்டம் கிடைக்காது. மேல்வகுப்புகளில் இப்பொருளில் அச்சொல் வந்தால் திகைக்க வேண்டாம்.

வீட்டில் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். சுவர்க் கடிகாரம், கைக்கடிகாரம், மேசைக் கடிகாரம் என்று இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வலையமைப்பிலிருந்து நேரம் பெறும் கைப்பேசி ஒன்றை அளவையாக வைத்துக்கொண்டு, நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு ஒவ்வொரு கடிகாரமும் எத்தனை வினாடி முந்தியோ பிந்தியோ இருக்கிறது என்று பத்து நாள் குறித்து வாருங்கள். நடுவில் எதையும் திருத்தி வைக்கக் கூடாது. ஒன்று எப்போதும் 180 வினாடி முந்தியே நிற்கலாம். மற்றொன்று நாளுக்கு 4 வினாடி வீதம் தவறாமல் பிந்தலாம். இன்னொன்று இன்று முந்தி, நாளை பிந்தித் தன் மனம்போல் நடக்கலாம். முதலிரண்டையும் கழித்தோ கூட்டியோ சரியான நேரம் சொல்லிவிடலாம்; பழைய காலத்துக் கப்பல் மாலுமிகள் நடுக்கடலில் தங்கள் கடிகாரத்தை நம்பியது இந்த முறையில்தான். மூன்றாவது கடிகாரம் ஒரு நாள் மிகச் சரியாக எட்டு மணி காட்டியதாக உங்கள் குறிப்பில் இருந்தால், அதற்கு என்ன பெயர் கொடுப்பீர்கள்?